பயமுறுத்தாமல் பாதுகாப்பைப் பழக்குவது எப்படி? வீட்டில் 6 வயது, 13 வயது, 67 வயது

மூன்றுதலைமுறை எழுதியது:

வணக்கம். வீட்டில் மூன்று பேர், மூன்று பேரைப் பற்றியும் எனக்குக் கவலை.

மகளுக்கு 6 வயது. பெரியவர்கள் யார் பேசினாலும் தலையைக் குனிந்துகொள்வாள். உறவினர் ஒருவர் வரும்போதெல்லாம் அவளைத் தூக்கிவைத்துக் கிச்சுகிச்சு மூட்டுவார். முதலில் சிரிக்கிறாள், அப்புறம் உடம்பு விறைத்துப்போகிறது. ஆனால் 'போதும்' என்று வாய் திறந்து சொல்வதில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பார்க்கும்போது மனசு பதைக்கிறது.

மகனுக்கு 13. தனியாகப் பேருந்தில் போய் வருகிறான். போனில் விளையாடும்போது முகம் தெரியாதவர்களுடன் பேசுகிறான். என்ன பேசினாய் என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அம்மாவுக்கு 67. போனில் யாராவது அதிகாரத் தோரணையில் பேசிவிட்டால் அவருக்கு வைக்கத் தெரியாது. "பேசிக்கிட்டு இருக்கும்போதே எப்படிம்மா வைக்கிறது, தப்பா நினைப்பாங்களே" என்பார்.

பள்ளியில் மகளுக்கு 'குட் டச், பேட் டச்' சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படத்தைக் காட்டினால் சரியாகச் சொல்கிறாள். "அப்படி யாராவது செஞ்சா நீ என்ன செய்வே?" என்று கேட்டேன். "கத்துவேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது சரியாகக் காதில் விழவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? இதையெல்லாம் பேசினால் குழந்தை பயந்துவிடாதா? கராத்தே வகுப்பில் சேர்த்தால் போதுமா? தோழி ஒருத்தி, அவளுக்குத் தெரியாத ஒருவரைப் பூங்காவுக்கு அனுப்பிக் கூப்பிடச் சொல்லிச் சோதித்துப் பார் என்கிறாள். அது சரியா?

ஒத்திகை_ஆசிரியை எழுதியது:

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பல ஆண்டுகளாக இதைத்தான் வகுப்பாக எடுக்கிறேன். காதில் விழாத குரலில் "கத்துவேன்" என்று சொன்னாளே, அங்கேதான் தொடங்க வேண்டும். தகவல் அவளுக்குத் தெரியும். அவள் உடம்புக்கும் குரலுக்கும்தான் இன்னும் பழக்கமில்லை.

பாதுகாப்பைப் பாடமாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோம். 2004இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு, துப்பாக்கி கண்ணில் பட்டால் தொடாதே, அங்கிருந்து போய்விடு, பெரியவரிடம் சொல் என்று கற்றுக்கொடுத்தார்கள். பாடமாகக் கற்ற பிள்ளைகள் விதியை அழகாக ஒப்பித்தார்கள். சுட முடியாதபடி செய்த ஒரு துப்பாக்கியை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு மறைவில் இருந்து பார்த்தபோது, ஒப்பித்த விதி உதவிக்கு வரவில்லை.

ஆகவே, சொல்லித்தர வேண்டும், நாமே செய்துகாட்ட வேண்டும், பிள்ளையைச் செய்யவைக்க வேண்டும், செய்த உடனே பாராட்டித் திருத்த வேண்டும். இதில் மூன்றாவதுதான் வீடுகளில் நடப்பதே இல்லை.

உங்கள் மகளுக்கு முதலில் குரல். ஆபத்து, கெட்டவன் என்ற பேச்சே வேண்டாம். அறையின் ஒரு மூலையில் நீங்கள், மறுமூலையில் அவள். "போதும்" என்ற ஒரே சொல்லை முதலில் காதோடு சொல்லும் குரலில், அப்புறம் சாதாரணமாக, அப்புறம் அடுத்த அறையில் இருக்கும் பாட்டிக்குக் கேட்கிற மாதிரி. பாட்டி "கேட்டுச்சு!" என்று பதில் குரல் கொடுக்கட்டும். கூச்சமுள்ள பிள்ளைகள் சொல்லும்போது சிரிப்பார்கள், தலையைக் குனிவார்கள். திட்டாதீர்கள். "கண்ணு என்னைப் பாக்கட்டும், சிரிக்காம சொல்லு" என்று ஒன்றை மட்டும் திருத்துங்கள். ஒரே நேரத்தில் நாலைத் திருத்தினால் அவள் நாளைக்கு விளையாட வரமாட்டாள்.

அப்புறம் கை. உள்ளங்கை வெளிப்பக்கம் தெரிய, மார்புக்கு முன்னால் இரண்டு கையும் வேலி மாதிரி. இரண்டடி பின்னால் போக வேண்டும். நேராக நிற்க வேண்டும். கூச்சமுள்ளவர்கள் பின்னால் போகும்போது தோளைச் சுருக்கிக்கொள்வார்கள், அதை மெதுவாகக் கவனித்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது, என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: உதவி கேட்பதற்கு ஒத்திகை. நீங்கள் போனில் பேசுவது போல நடியுங்கள். அவள் வந்து "அம்மா" என்று கூப்பிட வேண்டும். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் "அப்புறம் பேசலாம்" என்று சொல்ல வேண்டும். அவள் போய்விடக் கூடாது. கையைத் தொட்டு, "அம்மா, இது பாதுகாப்பு விஷயம், இப்பவே கேளு" என்று சொல்ல வேண்டும். நீங்கள் எரிச்சலாக "தொந்தரவு பண்ணாதே" என்று ஒருமுறை சொல்லுங்கள். அவள் மறுபடியும் சொல்ல வேண்டும். அப்போது போனைக் கீழே வைத்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, முழுசாகக் கேளுங்கள். சொல்ல முயன்று, பெரியவர்கள் வேலையாக இருந்ததால் விட்டுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஒத்திகையை எந்த வகுப்பிலும் நான் விடுவதில்லை. உங்களிடம் சொல்லியும் பலனில்லை என்றால் அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று அவளே விரல்விட்டுச் சொல்லட்டும். வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவராவது அதில் இருக்க வேண்டும்.

குழந்தையைக் கூட்டிப்போகத் தூண்டில் போடுகிறவர்களைப் பற்றி. 1981இல் வந்த ஓர் ஆய்வில், பள்ளிக்குப் போகும் முன் வயதுள்ள மூன்று குழந்தைகளுக்கு, அப்படிக் கூப்பிட்டால் மறுத்து விலகுவதைப் பழக்கினார்கள். அழைப்பு மூன்று வகையாக இருந்தது. "வா, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்ற சும்மா அழைப்பு ஒன்று. "உங்க டீச்சர் பரவாயில்லைன்னு சொன்னாங்க" என்று பெரியவர் பேரைச் சொல்வது இன்னொன்று. உனக்காக ஒன்று வைத்திருக்கிறேன் என்று ஆசைகாட்டுவது மூன்றாவது. பழகுவதற்கு முன்னால் இந்த அழைப்புகளுக்கு இணங்கியவர்கள், பழகிய பிறகு, டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விலகினார்கள். வீட்டிலும் இந்த மூன்று வகையையும் தனித்தனியாகப் பழக்குங்கள். சும்மா கூப்பிட்டால் மறுக்கிற பிள்ளை, "உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றதும் கிளம்பிவிடுவாள். "முதல்ல கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்து, பொறுப்பில் இருக்கும் பெரியவரிடம் ஓடுவதுதான் பழக வேண்டியது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே விதி. குழந்தைகளுக்குப் பாலியல் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். தெரியாதவர் என்றால் ஆபத்து என்று மட்டும் சொல்லிவைத்தால், ஆபத்து அதிகமான பக்கத்தைத் திறந்து வைத்துவிடுகிறோம். கூட்டத்தில் தொலைந்த பிள்ளை தெரியாத ஒருவரிடம்தான் உதவி கேட்கவும் வேண்டியிருக்கும்.

பயந்துவிடுவாளா என்று கேட்டீர்கள். பள்ளிகளில் நடத்தும் இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய 24 சோதனைகளை, 5,802 பிள்ளைகளின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2015இல் அலசிப் பார்த்தது. பிள்ளைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடியிருந்தன. பயிற்சியால் பயமோ பதற்றமோ கூடியதாகத் தெரியவில்லை. என் வகுப்பு அனுபவமும் இதுதான். பிள்ளையைப் பயமுறுத்துவது நம் முகமும் நாம் சொல்லும் கொடூரக் கதைகளும்தான். செய்தியில் வந்த சம்பவங்களை அவளிடம் சொல்ல வேண்டாம். சாலையைக் கடக்கச் சொல்லித்தரும் அதே குரலில் பேசுங்கள்.

'குட் டச், பேட் டச்' பாடத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தீங்கான தொடுதல் எல்லாம் வலிப்பதில்லை. ஊசி வலிக்கும், ஆனால் தேவையானது. கொஞ்சலாகத் தொடங்குவது தீங்காக முடியலாம். எப்படி உணர்கிறாய் என்று கேட்பதோடு, சில விதிகளையும் தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளாடை மறைக்கும் இடங்களை, சுத்தத்துக்கோ வைத்தியத்துக்கோ தவிர வேறு காரணத்துக்கு யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அவளையும் தொடச் சொல்லக் கூடாது. தொடுதல், பரிசு, படம், விளையாட்டு இந்த நாலும் ஒருபோதும் ரகசியமாக இருக்கக் கூடாது. டாக்டர் பார்ப்பதுகூட ரகசியம் இல்லை, அம்மா கூட இருக்கலாம். பிறந்தநாள் ஆச்சரியம் வேறு, அது சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உடல் உறுப்புகளின் உண்மையான பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள். செல்லப்பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை சொல்வது கேட்பவருக்குப் புரியாமல் போய்விடும்.

கராத்தே நல்லதுதான், உடம்புக்கும் தைரியத்துக்கும். ஆனால் அவளைத் தூக்கிக் கொஞ்சும் உறவினரை அவள் உதைக்கப் போவதில்லை. அங்கே அவளுக்கு வேண்டியது வார்த்தை.

பூங்காவுக்கு ஆள் அனுப்பும் யோசனை வேண்டாம். அவள் தோற்றால் அவளுக்குக் கிடைப்பது அவமானம், ஜெயித்தால் உங்கள் மேல் சந்தேகம். ஒத்திகையில் நீங்கள் நடிக்கும்போதுகூட "இப்ப நான் வேற ஆளா நடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், முடிந்ததும் "இப்ப நான் அம்மா" என்று சொல்லுங்கள். உண்மையான உறவினர் பெயர் எதையும் நடிப்பில் பயன்படுத்தாதீர்கள்.

தெளிநீர் எழுதியது:

ஆசிரியை சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன், கடைசி விஷயத்தைத் தவிர. நான் அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களோடும் பெரியவர்களோடும் வேலை செய்கிறேன். அவர் சொன்ன அதே 2004 ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது. ஒத்திகை பார்த்த பிள்ளைகள் ஒத்திகையில் சரியாகச் செய்தார்கள், ஆனால் உண்மையான சூழலில் அதைப் பயன்படுத்தவில்லை. இதே போன்ற வேறு ஆய்வுகளில், பயிற்சியாளர் அந்த இடத்திலேயே உள்ளே வந்து, "இப்ப என்ன செய்யணும், செஞ்சு காட்டு" என்று திருத்திப் பழக்கிய பிறகுதான் பழக்கம் ஊன்றியது. உளவியலாளர் ரேமண்ட் மில்டன்பர்கரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் இந்த முறையைப் பல ஆய்வுகளில் சோதித்திருக்கிறார்கள்.

என் மாணவர்களுக்கு ஒரு அறையில் கற்றது அடுத்த அறைக்குத் தானாகப் போகாது. பயிற்சி அறையில் "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்கிறவர், பேருந்து நிறுத்தத்தில் யாராவது பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிடுவார். ஆகவே நிறுத்தத்திலேயே போய்ப் பழக வேண்டியிருக்கிறது, வேறு வேறு ஆட்களோடு. காப்பாளரின் சம்மதத்தோடு, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, முடிந்ததும் உட்கார்ந்து பேசி முடிக்கும்படிதான் செய்கிறோம். தோழி சொல்வது போல வேடிக்கைக்கு ஆளை அனுப்புவது இது இல்லை, அதை நானும் வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. குளிப்பதற்கோ உடை மாற்றுவதற்கோ பிறர் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு, உள்ளாடை இடத்தை யாரும் தொடக் கூடாது என்ற விதி அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு யார், எந்த நேரத்தில், எந்த வேலைக்கு, எந்த இடம்வரை என்று பட்டியலாகப் பழக்க வேண்டும். உதவுகிறவரும் ஒவ்வொரு முறையும் "இப்ப உன் முதுகைத் துடைக்கிறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத் தொட வேண்டும். கேட்காமலே தொடும் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, கேட்காமல் தொடும் இன்னொருவரிடம் எதுவும் தவறாகப் படாது. சொல்வதெல்லாம் கேட்பவர் நல்லவர் என்று பாராட்டி வளர்க்கும் இல்லங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறுத்துப் பழக அவர்களுக்குத் தினமும் இடம் வேண்டும். இந்தச் சட்டை வேண்டாம், இந்தப் பாட்டு வேண்டாம் என்பதில் தொடங்கினால் போதும்.

ஒத்திகை_ஆசிரியை எழுதியது:

தெளிநீர், நீங்கள் சொல்வது சரி. பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டிய கருவி அது. வீட்டில் பெற்றோர் அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது, இடத்தை மாற்றிப் பழக்குவது. மகளை அதே பூங்காவுக்கு நீங்களே கூட்டிப்போய், "நான் இந்த பெஞ்சில் இருக்கேன், அங்க இருக்கிறவர் உன்னைக் கூப்பிட்டா நீ எப்படி என்கிட்ட வருவே, ஓடி வா பாப்போம்" என்று செய்துபாருங்கள். மைதானம், மாடிப்படி, பள்ளி வாசல் என்று அவள் உண்மையில் நடமாடும் இடங்களில் பழகட்டும்.

மூன்றுதலைமுறை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. "இது பாதுகாப்பு விஷயம், இப்பவே கேளு" விளையாட்டை ஆரம்பித்துவிட்டேன். நான் எரிச்சலாக நடித்தபோது முதலில் அவள் முகம் வாடியது. அப்புறம் என் முகத்தைக் கையால் பிடித்துத் திருப்பினாள். பாட்டிக்கு அந்த "கேட்டுச்சு!" ரொம்பப் பிடித்துவிட்டது.

இரண்டு கேள்விகள். கிச்சுகிச்சு உறவினரிடம் நான் என்ன சொல்வது? மகளை முன்னால் தள்ளிவிட்டு நான் ஒதுங்கி நிற்பது சரியாகப் படவில்லை. இன்னொன்று, ஒருநாள் அவள் நிஜமாகவே ஏதாவது சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? அதை நினைத்தால் எனக்குத்தான் கை நடுங்குகிறது.

ஒத்திகை_ஆசிரியை எழுதியது:

முதல் கேள்விக்கு: ஆமாம், அது உங்கள் வேலை. 6 வயதுப் பிள்ளைக்கு நாம் திறமையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. அவர் அடுத்த முறை வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். "எங்க வீட்டுல ஒரு விதி வச்சிருக்கோம். யாராவது 'போதும்'னு சொன்னா உடனே நிறுத்தணும். அவ சொல்லக் கத்துக்கிட்டு இருக்கா, நீங்களும் உதவி பண்ணுங்க." இப்படிச் சொன்னால் அவர் மேல் குற்றச்சாட்டு இல்லை. நல்ல எண்ணம் உள்ளவர் நிறுத்திவிடுவார். விதியைக் கேட்ட பிறகும் சிரித்துக்கொண்டே தொடர்கிறவரை, குழந்தை அழும்வரை விடாதவரை, "உங்க அம்மா சும்மா சொல்றா" என்று குழந்தையிடம் சொல்கிறவரை நான் தனியாகக் குழந்தையோடு விடமாட்டேன். அவர் எவ்வளவு நெருங்கின உறவாக இருந்தாலும் சரி.

கிட்பவர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 1989இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் தொடங்கியது. அவர்கள் பாடத்திட்டத்தின் அடித்தளமே இதுதான்: பிள்ளையின் பாதுகாப்புக்கு முன்னால், நம்முடைய சங்கடமோ சிரமமோ மற்றவர் மனவருத்தமோ பெரிதில்லை. என் வகுப்புக்கு வரும் பெற்றோர் தடுக்கி விழும் இடமும் இதுதான். பிள்ளைக்கு "போதும்" சொல்லப் பழக்குவார்கள், ஆனால் தாங்கள் ஒருவரை நிறுத்தச் சொல்ல நேர்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேலே எழுதிய வாக்கியத்தை நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மகன் உறவினராக நடிக்கட்டும். "என்னம்மா, குழந்தையைக் கொஞ்சக்கூடக் கூடாதா?" என்று கேட்கட்டும். நீங்கள் கோபப்படாமலும் மன்னிப்புக் கேட்காமலும் அதே வாக்கியத்தை மறுபடி சொல்ல வேண்டும்.

முத்தம், கட்டிப்பிடிப்பது எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வேண்டாம் என்றால் கையசைக்கட்டும், வணக்கம் சொல்லட்டும். வீட்டில் நீங்கள் கிச்சுகிச்சு மூட்டும்போது முதல் "போதும்"க்கே கையை எடுங்கள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எடுங்கள். தன் சொல்லுக்கு அடுத்தவர் கை நின்றுவிடுகிறது என்று அவள் உடம்புக்குப் பழகட்டும்.

இரண்டாவது கேள்வி. அவள் சொல்லும் அந்த முதல் சில நிமிடங்களில் உங்கள் முகம்தான் முக்கியம். நீங்கள் பதறினால், தான் பெரிய தப்பு செய்துவிட்டதாக நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுவாள். மூச்சை இழுத்து விடுங்கள். "என்கிட்ட சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல." இதைச் சொன்னால் போதும். விசாரணை செய்ய வேண்டாம். "அவன் இங்க தொட்டானா?" என்று நாமே பதிலை வாயில் வைக்கக் கூடாது. "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள், அதையும் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். ஏன் முன்னாடியே சொல்லவில்லை, ஏன் ஓடவில்லை என்று கேட்கவே கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பத்திரமா வச்சிருக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லலாம். அவள் போன பிறகு, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிவையுங்கள், தேதியோடு. அந்த நபரிடம் நீங்களாகப் போய் மோத வேண்டாம். குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடமும் டாக்டரிடமும் போங்கள். எவ்வளவு நாள் கழித்துச் சொன்னாலும் தாமதம் இல்லை என்று அவளுக்கு இப்போதே, எதுவும் நடக்காத ஒரு நல்ல நாளில் சொல்லிவையுங்கள்.

நடைபாதை எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். பெரியவர்களுக்கும் இதே ஒத்திகை வேண்டும் என்பதற்கு ஒரு சான்று சேர்க்கிறேன். உளவியலாளர் சார்லின் சென் தலைமையில் கனடாவின் 3 பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்குத் துண்டறிக்கைகள். இன்னொரு குழுவுக்கு நான்கு பகுதிகளாக மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி: தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, 'தப்பாகப் போய்விடுமோ' என்ற மனத்தடையைத் தாண்டுவது, வாயாலும் உடம்பாலும் எதிர்ப்பது, தனக்கு என்ன வேண்டும் என்று பேசுவது. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் முதல் குழுவில் 9.8 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களில் 5.2 விழுக்காடு.

இதைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாக்கப்படும்போது உடம்பு உறைந்துபோவது சாதாரணமாக நடப்பது. ஸ்வீடனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களில் 70 விழுக்காட்டினர், அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உடம்பு அசையாமல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். பயிற்சி வழிகளைக் கூட்டித் தரும். வழி கிடைக்காமல் போனால் குற்றம் செய்தவனுடையதுதான். பயிற்சி கொடுக்கிறவர்கள் இதை ஒவ்வொரு வகுப்பிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் போன முதல் வகுப்பில் யாரும் சொல்லவில்லை, என் பக்கத்தில் இருந்தவர் அழுதுகொண்டே எழுந்து போனார்.

உங்கள் மகன் பேருந்தில் போகிறான் என்றீர்கள். அவனுக்கு அடுத்தவருக்கு உதவவும் பழக்குங்கள். கூட்டம் இருந்தால் யாரும் உதவமாட்டார்கள் என்பது முழு உண்மை இல்லை. நெதர்லாந்து, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 மோதல்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். உதவி கேட்கும்போது ஒருவரைச் சுட்டிக் கேட்பது பலிக்கும்: "நீலச் சட்டை அண்ணா, டிரைவர்கிட்ட சொல்லுங்க." அவன் உதவும்போது மோத வேண்டாம். தொல்லைக்கு ஆளானவர் பக்கத்தில் போய் நின்று மணி என்ன என்று கேட்டாலே பல நேரம் சூழ்நிலை உடைந்துவிடும்.

மூன்றுதலைமுறை எழுதியது:

நடைபாதை, அந்த இரண்டாவது பத்தியை எழுதியதற்குத் தனி நன்றி.

இதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். கதவைச் சாத்தவில்லை. "யாராவது படம் அனுப்பச் சொல்லி மிரட்டினா என்ன பண்ணணும்?" என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டான். எனக்குத் திக்கென்றது. நான் முகத்தை மாற்றாமல், தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன்.

ஒத்திகை_ஆசிரியை எழுதியது:

நன்றாகச் செய்தீர்கள். இன்றைக்கே அவனிடம் திரும்பப் போங்கள், ஆறப் போடாதீர்கள். "உனக்கா, நண்பனுக்கா?" என்று கேட்க வேண்டாம். பதிலை அப்படியே பொதுவாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவனே எடுத்துக்கொள்வான்.

மிரட்டுகிறவர் பணம் கேட்டாலும் இன்னொரு படம் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நிற்காது, மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்கக் கூடாது. பெயர், கணக்கு, செய்திகள் எல்லாவற்றையும் பதிவு செய்துவைத்துக்கொண்டு, அப்புறம் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுத்துத் தடுத்துவிட வேண்டும். காவல்துறையிடம் போகலாம். ஏற்கெனவே படம் போயிருந்தால், 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் அதைத் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கருவியிலேயே அதற்கு ஒரு எண்ணடையாளம் உருவாகும், அந்த அடையாளம் மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதைவைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முடியும். பெரியவர்களுக்கு இதே மாதிரி 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை இருக்கிறது.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: "நீ என்ன அனுப்பியிருந்தாலும், எந்த ராத்திரியானாலும் என்னை எழுப்பு. போனைப் பிடுங்கமாட்டேன்." போன் போய்விடும் என்ற பயத்திலேயே பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். சொன்னால் அந்த வார்த்தையைக் காப்பாற்றியாக வேண்டும், கோபம் வந்தாலும்.

அம்மாவுக்கு அவனையே ஆசிரியராக ஆக்குங்கள். அடுத்த அறையிலிருந்து அவன் போன் செய்து, அதிகாரி மாதிரி அதட்டிப் பேசட்டும். மோசடிக்காரர்கள் அவசரம் காட்டுவார்கள், யாரிடமும் சொல்லாதே என்பார்கள், பெரிய இடத்துப் பெயரைச் சொல்வார்கள். அவன் மூன்றையும் செய்யட்டும். பாட்டி சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நான் வீட்டுல கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்." சொல்லிவிட்டு, எதிர்முனை பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அவருக்குக் கஷ்டம் அந்தப் பொத்தான்தான், மரியாதையாக வாழ்ந்தவர் அல்லவா. விரல் பழகும்வரை அவன் அதட்டிக்கொண்டே இருக்கட்டும். திரும்பக் கூப்பிடும்போது, கூப்பிட்டவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.

இப்போது குரலையே நகலெடுத்துப் பேச முடிகிறது. "பாட்டி, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று பேரன் குரலில் அழைப்பு வரலாம். ஆகவே வீட்டுக்கென்று ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். மகளை அழைத்துவர வேறு ஒருவரை அனுப்ப நேர்ந்தாலும் அதே சொல் உதவும். செல்லப்பிராணியின் பெயர், பிறந்த ஊர் மாதிரி வலைத்தளத்தில் எங்காவது கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டாம். 6 வயதுக்கும் 67 வயதுக்கும் நினைவில் நிற்கிற மாதிரி மகளே தேர்ந்தெடுக்கட்டும்.